மூளைக்குச் செல்லும் வழி கண்ட தாமஸ் வில்லிஸ்

இங்கிலாந்து நாட்டில் வில்ட்ஷயர் பகுதியைச் சார்ந்த கிரேட் பெட்வின் என்னும் சிற்றூரில் 1621ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 27ஆம் நாள் தாமஸ் வில்லிஸ் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டு நகரின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் பயின்ற காலத்தில், திருச்சபைப் பெரியவர் ஒருவரின் இல்லத்தில் ஊழியம் புரிந்துகொண்டே கல்வியைத் தொடர்ந்தார். அவ்வில்லத் தலைவி மருந்து செய்வதில் வல்லவர். அவருக்குத் துணைநின்றமையால் இம்மாணவரின் உள்ளத்தில் மருத்துவ ஆர்வம் வேரூன்றியது என்பர்.

உள்நாட்டுப் போர் மூளவே, மன்னர் பக்கம் நின்று படைப்பணி ஆற்றினார். 1646இல் மருத்துவப் பட்டம் பெற்றார். எனினும் நோயாளிகள் உடனே தேடி வந்தாரில்லை. அபிங்டன் சந்தை கூடும் நாட்களில் தாமே அங்குச் சென்று, எளிய மக்களுக்கு வைத்தியம் பார்த்தார்.

தூக்கிலிடப்பட்டோரின் உடல்களே அக்காலத்தில் உடற்கூறு கற்போர்க்குப் பெரும்பாலும் கிடைத்தன. 1650இல், பிறந்த குழவியைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பெற்ற ஆன் கிரீன் என்னும் பணிப்பெண் தூக்கிலிடப்பட்டாள். அறுத்து ஆராய்வதற்காகக் கொண்டுவரப்பட்ட அவளுடைய பெட்டியைத் திறந்தபோது, உயிர்மூச்சு இழையோடிக் கொண்டிருந்தது. வில்லியம் பெட்டியும் வில்லிஸும் கத்தியை ஒதுக்கிவைத்து, அவளைப் பேணிப் பிழைக்க வைத்தனர். பின்னர் அவளுக்கு மன்னிப்பும் கிடைத்தது.

1660இல் ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியரான வில்லிஸ், 1664இல் மூளையின் உடற்கூறு பற்றிய பெருநூலை இலத்தீன் மொழியில் வெளியிட்டார். அறுத்தாய்வில் ரிச்சர்டு லோவர் துணைநின்றார். படங்கள் வரைவதில் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் உதவினார். நரம்பியலைக் குறிக்கும் சொல்லை உருவாக்கியவரும் வில்லிஸே.

கழுத்தின் முன்புறம் இரண்டு, பின்புறம் முதுகெலும்பை ஒட்டி இரண்டு என நான்கு தமனிகள் மூளைக்குக் குருதி கொணர்கின்றன. மூளையின் அடியில் அவை சிறு கிளைகளால் இணைந்து ஒரு வளையமாகின்றன. இவ்வளையத்தை அவருக்கு முன்னரே சிலர் கண்டிருந்தனர். அது எதற்காக என்பதை விளக்கியதே வில்லிஸின் சிறப்பு. ஒரு பக்கத் தமனியில் மைநீரைச் செலுத்தி, அது மறுபக்கக் குழாய்களுக்கும் பரவுவதைக் கண்டார். வேறு நோயால் இறந்த ஒருவரின் உடலை ஆராய்ந்தபோது, வலப்புறக் கழுத்துத் தமனி கல்லாய் இறுகி அடைபட்டிருந்தது. ஆயினும் அம்மனிதருக்கு வாதநோய் வந்ததில்லை. அதே பக்கத்து முதுகெலும்புத் தமனி மும்மடங்கு பருத்து, குறையை ஈடுசெய்திருந்தது. ஒரு வாய்க்கால் தூர்ந்தால் மற்றொன்று பயிரைக் காப்பது போன்றதே இவ்வமைப்பு.

ஆனால் இயற்கை எல்லார்க்கும் ஒரே அச்சில் இவ்வளையத்தை வார்க்கவில்லை. ஒருவருக்கு இணைப்புத் தமனி நூலினும் மெலிந்திருக்கும். மற்றொருவருக்கு அது இல்லாமலே போகும். வேறொருவருக்கு இரட்டையாய் அமையும். நூல்களில் காணும் முழுமையான வளையம் பாதிக்கும் குறைவானோரிடமே உள்ளது எனப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. குறையுள்ளோரும் நலமாகவே வாழ்கின்றனர். தமனி ஒன்று அடைபடும் நாளில்தான் வேறுபாடு வெளிப்படும். அந்நாளில் ஒருவர் தப்புவார், ஒருவர் வீழ்வார்.

வில்லிஸ் பின்னர் இலண்டனில் புகழும் செல்வமும் எய்தி, 1675 நவம்பர் 11இல் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. மூளையடியிலுள்ள அவ்வளையம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இளைஞர்களே, நம்முள் எவருக்கு எத்தகைய வளையம் அமைந்துள்ளது என்பதை முகம் பார்த்து அறிய இயலாது. ஆகவே, முகம் கோணினும், கை தளரினும், நா குழறினும், விடியட்டும் என்று காத்திராது உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். குருதிக் கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தப்பட வேண்டியதாகும். ஊழியம் செய்து கற்ற ஒருவர் உலகிற்களித்த இவ்வறிவை, நம் இல்லந்தோறும் கொண்டு சேர்ப்பது கற்றவர் கடமையாகும்.