துறைமுகக் கணக்கரும் பகா எண்களும்

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வாழும் நம் மக்களுக்குத் துறைமுகம் என்றதும் மூட்டையும் பாரந்தூக்கியும் நினைவில் தோன்றும். அத்துறைமுகத்தின் கணக்குப் பிரிவில், 1912 மார்ச்சு முதல் நாள் தொட்டு, மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராய் இருந்தவரே கணித மேதை சீனிவாச இராமானுசன்.

அவர் 1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் துணிக்கடைக் கணக்கர். கணிதத்திலேயே தோய்ந்து ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் கல்லூரி உதவித்தொகையை இழந்தார். பின்னர்ப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எப்.ஏ. தேர்வில் தோற்றார். காகிதம் வாங்கப் பொருளின்றிக் கற்பலகையில் கணக்கிட்டு, முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்.

துறைமுகத் தலைமைக் கணக்கர் நாராயண ஐயரும் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவரது ஆற்றலை உணர்ந்து துணைநின்றனர். 1913 சனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்கு அவர் மடல் விடுத்தார். ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் வகுபடாத எண்ணே பகா எண். ஓர் எல்லைக்குள் எத்தனை பகா எண்கள் உள்ளன எனக் கணிக்கும் வாய்பாட்டைக் கண்டதாக அதில் எழுதினார். அவ்வாய்பாடு அவர் கருதிய அளவுக்குத் துல்லியமானதன்று. எனினும் அப்பிழையினூடும் ஹார்டி மேதைமையைக் கண்டார். அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை அளித்தது. 1914 மார்ச்சு 17-இல் இராமானுசன் சென்னையிலிருந்து கப்பலேறினார்.

1918-இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். ஓர் எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையே ஒரு பகா எண்ணேனும் இருக்கும் என்பதை உருசிய அறிஞர் செபிசேவு முன்னரே நிறுவியிருந்தார். இராமானுசன் 1919-இல் மிகச் சுருக்கமான வேறொரு நிறுவலைத் தந்து, மேலும் ஒருபடி சென்றார். 11 முதற்கொண்டு எவ்வெண்ணை எடுப்பினும், அதன் பாதிக்கு மேல் அவ்வெண் வரையில் இரண்டு பகா எண்களேனும் உண்டு. 17 முதற்கொண்டு மூன்றேனும் உண்டு. 2, 11, 17, 29, 41 எனத் தொடரும் இவை இன்று இராமானுசன் பகா எண்கள் எனப்படுகின்றன.

2147483647 பகா எண் என்பதை ஆய்லர் 1772-இல் மெய்ப்பித்தார். 2024-இல் கண்டறியப்பட்ட பகா எண்ணுக்கோ 4,10,24,320 இலக்கங்கள். அத்துணைப் பெரிய எண்ணுக்கு அப்பாலும், அதன் இருமடங்கை எட்டுமுன் வேறொரு பகா எண் உண்டென்று நம் துறைமுகக் கணக்கரின் நிறுவல் உறுதி கூறுகிறது.

நோயுற்று 1919-இல் தாயகம் திரும்பிய அவர், 1920 ஏப்ரல் 26-இல் சேத்துப்பட்டில் தம் 32-ஆம் வயதில் மறைந்தார்.

இராமானுசன் வறியவரே, எனினும் பிறப்பால் பார்ப்பனர். பள்ளியின் வாயில் அவருக்குத் திறந்திருந்தது. அவர் குறிப்பேட்டைப் படிக்க ஆட்களும் கிடைத்தனர். அதே துறையில் சுமை சுமந்த நம் முன்னோரின் மக்களுக்கோ கற்பலகையே எட்டாப் பொருளாயிற்று. அவர்களுள் எத்தனை மேதைகள் மறைந்தனரோ, கணக்கில்லை. ஆதலின், தேர்வில் தோற்ற பிள்ளையைத் துறைமுக வேலைக்கு அனுப்புமுன், அவன் குறிப்பேட்டை ஒருமுறை விரித்துப் பாருங்கள் என்று பெற்றோரையும் ஆசிரியரையும் வேண்டுகின்றோம். நம் சங்கத்தின் வெள்ளி விழா நாளில் நாம் ஏற்க வேண்டிய கடமை அதுவே.