மகாராணியாரும் குட்டி நாய்களும்

கடலூர் மஞ்சக்குப்பத்திலும் சிதம்பரத்துத் தேரோடும் வீதிகளிலும் மாலை வேளையில் நடந்தால், ஏதாவது ஒரு வீட்டு வாசலிலிருந்து வெள்ளைப் பஞ்சுப் பொதி போன்ற நாய் ஒன்று எங்களைப் பார்த்துக் குரைக்கும். அதைப் பொமரேனியன் என்கிறோம். (அவற்றுள் பல இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற வேறு இனமாம், அவை கோபித்துக் கொள்ள வேண்டாம்!) பொமரேனியன் மடியில் அடங்கும் செல்ல நாயானதில் ஒரு மகாராணியாருக்குப் பெரும்பங்கு உண்டு. 1858 முதல் நம் தென்னாற்காட்டையும் சேர்த்து ஆண்ட விக்டோரியாவே அவர்.

1819-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் லண்டனில் பிறந்த அவர், எட்டு மாதக் குழந்தையாய் இருக்கையில் தந்தையை இழந்தார். தாயாரும் அவருடைய அலுவலர் ஜான் கான்ராயும் வகுத்த விதிகள் மிகக் கடுமையானவை. தாயாரின் அறையிலேயே உறங்க வேண்டும். ஒருவர் கையைப் பிடிக்காமல் மாடிப்படி இறங்கக் கூடாது. ஒத்த வயதுத் தோழியரோ அரிது. இடைவேளை மணி அடித்ததும் எங்கள் வகுப்பில் எழும் ஆரவாரத்தை அவர் அறிந்ததேயில்லை. 1833-ல் கான்ராய் தாயாருக்கு டேஷ் என்ற சிறு ஸ்பானியல் நாயைப் பரிசளித்தார். அது விரைவில் மகளுடையதாகி விட்டது. பதின்மூன்று வயது இளவரசி அதற்குச் சிவப்புச் சட்டையும் நீலக் கால்சட்டையும் அணிவித்து மகிழ்ந்தார். அதை நாட்குறிப்பிலும் எழுதி வைத்தார்.

பதினெட்டு வயதில் அரசியானார். 1838 ஜூன் 28-ல் முடிசூட்டு விழா பல மணி நேரம் நடந்தது. அரண்மனை திரும்பியதும் அந்த அரசி செய்த வேலை என்ன தெரியுமா? டேஷைக் குளிப்பாட்டியதுதான்!

1840-ல் ஆல்பர்ட் இளவரசரை மணந்தார். ஒன்பது குழந்தைகள் பிறந்தனர். டேஷ் இறந்ததும் அதே 1840-ல்தான். பின்னர் வின்ட்சர் அரண்மனைப் பூங்காவில் நாய்களுக்கெனத் தனி மனைகள் எழுந்தன. 1860-ல் பீகிங் கோடை அரண்மனையைச் சூறையாடிய படையினர் கொண்டு வந்த சீனத்துக் குட்டி நாய் ஒன்றும் அவரிடம் வந்து சேர்ந்தது. அதற்கு வைத்த பெயர் லூட்டி. கொள்ளையைக் குறிக்கும் அந்தச் சொல் நம் நாட்டிலிருந்தே ஆங்கிலத்துக்குப் போனது. அந்தப் பெயர் எங்களுக்குப் பிடிக்கவில்லை. 1877-ல் அவரை இந்தியப் பேரரசியாக அறிவித்துத் தில்லியில் விழா எடுத்தபோது சென்னை மாகாணம் பஞ்சத்தில் மடிந்து கொண்டிருந்ததையும் எங்களால் மறக்க முடியவில்லை.

1861-ல் ஆல்பர்ட் இறந்தார். அதன்பின் நாற்பது ஆண்டுகள் கறுப்பு உடைதான். 1888-ல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் அவர் மார்க்கோ என்ற பொமரேனியனைப் பெற்றார். எடை ஏறக்குறைய ஐந்தரை கிலோ. அக்காலப் பொமரேனியன்கள் பல இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கனத்தவை. சிறியதைச் சிறியதோடு சேர்த்து வின்ட்சரில் குட்டிகள் எடுத்தார்கள். 1891-ல் லண்டன் கிரப்ட்ஸ் கண்காட்சிக்கு மகாராணியாரின் பொமரேனியன்களும் வந்தன. பிறகு ஊரெங்கும் சிறிய பொமரேனியனுக்கே மோகம்.

உருவம் சுருங்கச் சுருங்கத் தாய் நாயின் பாடு கூடியது. சுமார் 63 நாள் சுமந்து அது ஈனுவது பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று குட்டிகளே. குட்டியின் தலை பெரியதாக இருந்தால் பிரசவம் கடினம். கால்நடை மருத்துவர் தேவைப்படும். விலைக்காக ஆண்டுதோறும் குட்டி போட வைப்பவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. போதாக்குறைக்கு, குளிர்நாட்டுக்கு ஏற்ற இரட்டை ரோமத்தோடு அது நம் ஊர் அக்கினி நட்சத்திர வெயிலையும் தாங்க வேண்டும்.

1901 ஜனவரி 22-ல் மகாராணியார் ஆஸ்போர்ன் மாளிகையில் இறந்தார். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சூழ்ந்திருந்தனர். அந்தக் கடைசி நாட்களில் அவர் கேட்டு வரவழைத்துத் தம் கட்டிலில் படுக்க வைத்துக் கொண்டது டூரி என்ற பொமரேனியனை.