சாகப் போகிறவருக்கு எதற்கு ஆஸ்பத்திரி? திருக்கோகர்ணத்து முத்துலட்சுமி ரெட்டி தந்த பதில்

தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்குக் கிடைக்கும் 18,000 ரூபாய் மகப்பேறு உதவித் திட்டத்தில் ஒரு பெயர் இருக்கும்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் பிறந்த ஜூலை 30-ஐத்தான் அரசு மருத்துவமனை தினமாகக் கொண்டாடுகிறது. முதல் பெண் டாக்டர்களில் ஒருவர், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர் என்பதெல்லாம் பலருக்கும் தெரியும். ஆனால் மருத்துவம் யாருக்காக, குணமாகாத நோயாளியை என்ன செய்வது, ஒருவரின் நன்மையை அவருக்காக இன்னொருவர் முடிவு செய்யலாமா என்ற கேள்விகளும் அவர் வாழ்க்கை முழுக்க வருகின்றன. இன்றைக்கும் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற கேள்விகள்தான் இவை.

யார் இந்த முத்துலட்சுமி?

புதுக்கோட்டை சமஸ்தானத்தில், பிரகதாம்பாள் கோயில் இருக்கும் திருக்கோகர்ணத்தில் 1886-ல் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், இசை வேளாளர் சமூகத்தைச் சேர்ந்தவர்.

பெண் வயதுக்கு வந்துவிட்டால் படிப்பு முடிந்துபோச்சு என்பதுதான் அன்றைய வழக்கம். முத்துலட்சுமி வீட்டிலிருந்தே படித்துத் தேறினார். அடுத்து என்ன? ஊரில் இருந்தது ஆண்கள் படிக்கும் மகாராஜா கல்லூரி மட்டும்தான். ஒரு பெண்ணைச் சேர்த்தால் மற்ற மாணவர்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு இடம் கொடுத்தார், உதவித்தொகையும் கொடுத்தார்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-ல் பட்டம். பிறகு அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று முன்கூட்டியே நிபந்தனை போட்ட பிறகுதான் சம்மதித்தார்.

தங்கையின் மரணம்

1923-ல் அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். கூடப் பிறந்தவளே டாக்டர், பக்கத்திலேயே இருக்கிறார். ஆனாலும் காப்பாற்ற முடியவில்லை. அன்றைய சென்னையில் இந்த நோய்க்கென்று ஒரு தனி மருத்துவமனை கிடையாது.

1925-ல் அவர் மேற்படிப்புக்காக லண்டன் போனார். பெண்கள், குழந்தைகள் நோய்களோடு, அங்கிருந்த ராயல் கேன்சர் ஆஸ்பத்திரியில் புற்றுநோய் சிகிச்சையையும் கவனித்துக் கற்றார். இப்படி ஒன்று நம்ம ஊரிலும் வேண்டும் என்ற எண்ணம் அப்போது உறுதியானது.

சட்டமன்றமும் சம்மதமும்

ஊர் திரும்பியதும் சென்னை சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். அங்கே துணைத் தலைவராகவும் தேர்வானார். தேவதாசியாகப் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்துக்கு எதிராகத் தீர்மானமும் மசோதாவும் கொண்டுவந்தார். சிறுமிகள் சிக்கிக்கொள்வதையும் பாலியல் நோய்கள் பரவுவதையும் டாக்டராக நேரில் பார்த்தவர் அவர். காந்தி கைதானதைக் கண்டித்து 1930-ல் பதவியை விட்டார். அவர் விதைத்த சட்டம் 1947-ல்தான் முழுமையாக நிறைவேறியது.

இங்கே இன்னொரு பக்கமும் இருக்கிறது. எதிர்த்தவர்கள் பழமைவாதிகள் மட்டும் இல்லை. பெங்களூர் நாகரத்னம்மாள் உள்ளிட்ட தேவதாசிப் பெண்களே அரசுக்கு மனு கொடுத்தார்கள். தங்கள் கலையும் சொத்துரிமையும் போய்விடும், தங்களைக் கேட்காமல் முடிவெடுக்கக்கூடாது என்பது அவர்கள் வாதம். பொட்டுக்கட்டப்படும் சிறுமியிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லையே என்பது முத்துலட்சுமி தரப்பின் வாதம். இரண்டு பக்கமும் பேசியது சம்மதத்தைப் பற்றித்தான்.

மருத்துவ அறவியலில் இன்றும் இதுதான் மையமான சிக்கல். நோயாளிக்கு நல்லது செய்வது ஒரு கடமை. அவர் சொல்வதைக் கேட்பது இன்னொரு கடமை. இரண்டும் மோதும்போது எதை விடுவது? சொந்தமாக முடிவெடுக்க முடியாத குழந்தைக்கு ஒரு அளவுகோல், வளர்ந்தவருக்கு வேறு அளவுகோல் என்று இன்றைய விதிகள் பிரித்துப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

குணமாகாத நோய்க்கு ஏன் செலவு?

1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா. அந்த மேடையில் புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்ற ஆசையை முத்துலட்சுமி வெளியிட்டார். ஆதரவு சுலபமாகக் கிடைக்கவில்லை. எப்படியும் இறக்கப் போகிறவர்களுக்கு எதற்கு இவ்வளவு செலவு என்பதே அதிகாரத்தில் இருந்தவர்களின் மனநிலை.

கேட்கக் கொடூரமாக இருந்தாலும் அந்தக் கேள்வியில் ஒரு கணக்கு இருக்கத்தான் செய்கிறது. காலராவும் காசநோயும் ஆயிரக்கணக்கில் உயிர் வாங்கிய காலம், கையிலோ கொஞ்சம் பணம். பிழைக்கக்கூடியவருக்குச் செலவழிப்பதா, பிழைக்க மாட்டார் என்று நினைப்பவருக்கா?

முத்துலட்சுமியின் பதில் இரண்டு வகையில் இருந்தது. ஒன்று, குணமாகாது என்பது நோயின் விதி இல்லை. சீக்கிரம் கண்டுபிடிக்காததும் சிகிச்சை வசதி இல்லாததும் சேர்ந்து உண்டாக்கிய நிலைமை. இரண்டு, குணமாகாவிட்டாலும் வலியைக் குறைப்பதும் கைவிடாமல் பார்த்துக்கொள்வதும் மருத்துவத்தின் வேலைதான்.

பணத்துக்குப் பொதுமக்களிடம் போனார். இந்திய மாதர் சங்கம் மூலம் நிதி திரட்டினார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறந்தது. அப்போது அவருக்கு வயது 67. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். அடுத்த வருடம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். காசு இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்பது ஆரம்பத்திலேயே போட்ட கொள்கை.

நோயாளியா, ஆராய்ச்சிப் பொருளா?

அடையாறு நிறுவனம் வெறும் ஆஸ்பத்திரி இல்லை, ஆராய்ச்சிக் கூடமும்கூட. வாய்ப் புற்றுநோய்க்கு மருந்தையும் கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுக்கும் முயற்சிகள் அங்கே தொடக்க காலத்திலேயே நடந்தன. புதுச் சிகிச்சையை யாரிடமாவது முயன்று பார்த்தால்தானே அடுத்தவருக்குப் பலன் கிடைக்கும்?

ஆனால் இலவச சிகிச்சைக்கு வரும் ஏழை, டாக்டர் சொல்வதற்கு மாட்டேன் என்று சொல்வாரா? இந்தச் சங்கடம் அடையாறுக்கு மட்டும் உரியதில்லை. சிகிச்சையும் ஆராய்ச்சியும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் எல்லா இடங்களுக்கும் உரியது. அந்தக் காலத்தில் இதற்கு எழுத்தில் வழிகாட்டிகள் குறைவு. நாஜி டாக்டர்களின் கொடுமைகளுக்குப் பிறகு 1947-ல் நியூரம்பெர்க் நெறிமுறை வந்தது. 1964-ல் ஹெல்சிங்கி பிரகடனம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தன் முதல் அறவியல் அறிக்கையை வெளியிட்டது 1980-ல்தான். முத்துலட்சுமி அதற்கு 12 வருடம் முன்பே, 1968 ஜூலை 22-ல் காலமாகிவிட்டார்.

இன்று உங்களுக்கு என்ன உரிமை?

2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, ஒரு புது மருந்தை மனிதர்களிடம் சோதிக்க அறவியல் குழுவின் அனுமதி கட்டாயம். குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். பாதிப் பேர் அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். மருத்துவம் படிக்காத ஒரு சாதாரண மனிதரும், சட்டம் தெரிந்தவரும், பெண் ஒருவரும் அதில் கட்டாயம்.

நோயாளிக்குப் புரியும் மொழியில் எல்லாவற்றையும் விளக்கி, எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் சார்பில்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். நடுவில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்தக்கூடாது. பரிசோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.

அதனால் ஆஸ்பத்திரியில் ஒரு படிவத்தை நீட்டினால், இது சிகிச்சையா, ஆராய்ச்சியா என்று கேட்பதில் தப்பே இல்லை. வேண்டாம் என்றால் என் சிகிச்சை என்ன ஆகும் என்றும் கேட்கலாம். பதில் புரிகிற வரைக்கும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.