சரிபார்ப்பதைச் சரிபார்த்த ஆலன் டூரிங்

போத்தனூர் என்றால் நமக்கு ரயில்வே ஜங்ஷன்தான் ஞாபகம் வரும். கம்ப்யூட்டர் விஞ்ஞானத்துக்கு அடித்தளம் போட்ட ஆலன் டூரிங்கின் தாயார் பிறந்த ஊரும் அதுதான்! தாத்தா மெட்ராஸ் ரயில்வேயில் தலைமை இன்ஜினியர். டூரிங் 1912-ல் லண்டனில் பிறந்தார்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் எனிக்மா ரகசியச் செய்திகளை உடைக்க 'பாம்ப்' என்ற இயந்திரத்தை வடிவமைத்தார். ஆயிரக்கணக்கான அமைப்புகளை ஓட்டிப் பார்த்து, முரண்பட்டதைத் தள்ளி, பொருந்துகிற மாதிரி இருந்தால் அது நிற்கும். நின்றதெல்லாம் சரியான விடையல்ல. ஆட்கள் மறுபடி சரிபார்த்தார்கள்.

இன்னைக்கு ஏஐ ஏஜென்ட் வெப் அப்ளிகேஷனைத் தானே திறந்து, லாகின் செய்து, பட்டனை அமுக்கி, 'பாஸ்' என்று ரிப்போர்ட் தருகிறது. அதை அப்படியே நம்பலாமா என்று கேட்கிற நண்பர்களுக்கு, டூரிங் 1949-ல் கேம்பிரிட்ஜில் வாசித்த சிறு கட்டுரையைத்தான் நான் சொல்வேன். நீளமான கூட்டல் கணக்கில் 'கையில் 1' என்று குறித்து வைத்தால், ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியாகச் சரிபார்க்கலாம் இல்லையா? அதுபோல, புரோகிராமின் எந்த இடத்தில் எது உண்மையாக இருக்கணும் என்று எழுதியவரே குறித்துத் தர வேண்டும் என்றார். பணம் கட்டியதும் கணக்கில் இருப்பு குறைந்ததா என்று பார்க்க நாம சொல்லலேன்னா, திரையில் பச்சை டிக் வந்ததோடு ஏஜென்ட் திருப்திப்பட்டுவிடலாம்.

போரில் நாட்டுக்கு உழைத்தவரை, ஓர் ஆணுடன் உறவு வைத்திருந்தார் என்று 1952-ல் அதே நாடு தண்டித்தது. 1954-ல் சயனைடால் இறந்தார், வயது 41. அரச மன்னிப்பு 2013-ல்தான் வந்தது.