ராஜாஜியும் ரேஷன் அரிசியும்

கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். சேலம் நகருக்கு வடக்கே, ஏர்க்காட்டு மலையடிவாரத்தை நோக்கிப் போகும் வழியிலுள்ள ஊர் அது. ராஜாஜி பிறந்த நாளன்று அவர் படத்துக்கு மாலையிட வேண்டுமென்று அவ்வூரில் சிலர் விரும்பினார்களாம். ரேஷனை ஒழித்தவருக்கு, ரேஷன் அரிசியை நம்பி உலை வைக்கும் ஊரில் மாலை எதற்கு என்று வேறு சிலர் மறித்தார்களாம். வழக்கை நாம் தீர்க்க வேண்டுமென்று கேட்கிறார் அன்பர். கடிதத்தின் கடைசியில், இதற்குச் சம்பந்தமில்லாத விஷயம் போல, விதவையான தம் தமக்கையாரைப் பற்றியும் நாலு வரி எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு வருவோம்.

ராஜாஜி 1878-ம் வருஷம் டிசம்பர் 10-ந் தேதி, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். அன்று அது சேலம் ஜில்லாவைச் சேர்ந்த கிராமம். தகப்பனார் சக்கரவர்த்தி வேங்கடார்ய ஐயங்கார் அக்கிராமத்தின் முன்சீப். பிறந்த வருஷத்தைக் கவனிக்க வேண்டும். தாது வருஷத்துப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லிவந்த 1876-78 பெரும் பஞ்சம் அப்பொழுதுதான் ஓய்ந்திருந்தது. 1871-ல் 19½ லட்சத்துக்கு மேலிருந்த சேலம் ஜில்லா ஜனத்தொகை 1881 கணக்கெடுப்பில் 16 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக நின்றது. நிவாரண வேலைக்கு வந்த கூலிக்கு நாளொன்றுக்கு ஒன்றரை பவுண்டு தானியத்துக்கு ஈடாகக் கொடுத்துவந்ததை ஒரு பவுண்டாகக் குறைக்கலாமென்று 1877 தொடக்கத்தில் ஸர் ரிச்சர்ட் டெம்பிள் தீர்மானித்ததும், சென்னைச் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் அதை எதிர்த்து வாதாடியதும் அந்தப் பஞ்சத்தின் சரித்திரமே. உதவிக்கு உரியவர் யார், எத்தனை பிடி அரிசிக்கு உரியவர் என்று சர்க்கார் அளந்து பார்க்கும் வழக்கம் நம் ஜில்லாவில் அன்றே வேரூன்றிவிட்டது. அந்தக் கணக்கின் கீழ்ப்படியில் நின்றவர்கள் கிராம அதிகாரிகள். அப்படிப்பட்ட ஓர் அதிகாரியின் வீட்டில்தான் இந்தக் குழந்தை வளர்ந்தது.

ஓசூரிலும் பெங்களூரிலும் சென்னையிலும் படித்துத் தேறி, 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். விரைவில் பெரும் வருமானம் வந்தது. நாமும் அத்தொழிலில் சில காலம் கழித்தவராதலால், கொழுத்த வருமானமுள்ள வக்கீல் அதை உதறுவது எவ்வளவு அபூர்வமான காரியம் என்பதை அறிவோம். 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைக்குத் தலைவராயிருந்தார். பிறகு காந்தியடிகளின் அழைப்பு, ஒத்துழையாமை, வேலூர்ச் சிறை. இவை எல்லாரும் அறிந்தவை.

அவ்வளவாகப் பேசப்படாதது புதுப்பாளையம். திருச்செங்கோட்டை அடுத்த அவ்வூரில், ஜமீன்தாரர் அளித்த நிலத்தில், 1925 பிப்ரவரி 6-ந் தேதி அவர் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். குழந்தைகளோடு குடிசையில் குடியேறினார். வானம் பார்த்த பூமி அது. மழை பொய்த்த வருஷங்களில் சுற்றுக் கிராமத்துப் பெண்கள் நூல் நூற்று ஆசிரமத்தில் கொடுத்துக் கூலி பெற்றுச் சோளமோ கம்போ வாங்கிச் சென்றார்கள். மனிதன் கையேந்தாமல் உண்ண வேண்டும், அதற்கு அவன் கையில் வேலை வேண்டும் என்ற எண்ணம் ராஜாஜியின் மனத்தில் உறுதிப்பட்டது இங்கேதான் என்பது நம் அபிப்பிராயம். ஏழையின் உணவில் சர்க்கார் கை வைப்பதை அவர் சகித்ததில்லை. 1930-ல் வேதாரணியத்துக்கு நடந்ததும் உப்புக்காகவே. 1937-ல் பிரதம மந்திரியானதும் அக்டோபர் 1-ந் தேதி மதுவிலக்கை முதன்முதலாகத் தம் சேலம் ஜில்லாவில் கொண்டுவந்தார். கூலி கள்ளுக்கடைக்குப் போகாமல் அடுப்படிக்குப் போகட்டும் என்பதே கருத்து. மறு வருஷம் விவசாயிகளின் கடன் நிவாரணச் சட்டம் வந்தது.

பிறகு யுத்தம் வந்தது. 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் ரங்கூன் அரிசி நின்றது. 1943-ல் வங்காளம் பட்டினியில் மாண்டது. பங்கீடு அப்பொழுது அவசியமாயிருந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் யுத்தம் முடிந்தும் பங்கீடு முடியவில்லை. விவசாயி தன் நெல்லைச் சர்க்கார் குறித்த விலைக்குக் கொடுக்க வேண்டும். ஒரு ஜில்லாவிலிருந்து மறு ஜில்லாவுக்கு மூட்டை போகக்கூடாது. வழியில் சோதனைச் சாவடி. வீட்டுக் குதிரை நெல்லையும் எட்டிப் பார்க்க ஓர் இன்ஸ்பெக்டர். கடையில் கிடைத்ததோ கல்லும் நாற்றமும் கலந்த அரைவயிற்று அரிசி. பணமிருப்பவனுக்குக் கள்ளமார்க்கெட்டில் எல்லாம் கிடைத்தது. 1952 தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரஸுக்கு 152-தான் கிடைத்தன என்றால், அதில் இந்த அரிசிக்குப் பெரும் பங்குண்டு.

அந்த நிலையில்தான் ஏப்ரல் மாதம், எழுபத்து மூன்றாம் வயதில், ராஜாஜி முதல் மந்திரியானார். ஜூன் மாதத்தில் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். விலை எங்கோ ஏறிவிடும், சர்க்கார் கவிழ்ந்துவிடும் என்று அஞ்சியவர் பலர். டில்லியில் உணவு மந்திரி ரபி அகமத் கித்வாய் துணை நின்றார். பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. பதுங்கியிருந்த நெல் சந்தைக்கு வந்தது. இரண்டு வருஷத்தில் தேச முழுவதும் கட்டுப்பாடு நீங்கிற்று. யுத்தத்தில் ஜயித்த பிரிட்டனே 1954 ஜூலையில்தான் ரேஷனுக்கு முடிவு கட்டியது என்பதை நினைத்தால், சென்னையின் துணிவு விளங்கும்.

ஆகவே, ஏழையின் அரிசியைப் பறித்தார் என்ற குற்றச்சாட்டு ருசுவாகவில்லை. அவர் எடுத்தது இன்றைய ரேஷன் அல்ல. அன்றைய சீட்டு, இவ்வளவுக்கு மேல் வாங்காதே என்று ஜனங்களைத் தடுத்த சீட்டு. இன்றைய கார்டு, இவ்வளவை உனக்குத் தந்தே தீர வேண்டும் என்று சர்க்காரைக் கட்டுப்படுத்தும் கார்டு. பெயர் ஒன்றாயிருப்பதால் வந்த மயக்கம் இது. சந்தேகமுள்ளவர்கள் இலங்கையைப் பார்க்கலாம். அங்கே ரேஷன் அரிசியை சர்க்கார் நஷ்டம் தாங்கி மலிவாகக் கொடுத்துவந்தது. 1953-ல் கொத்து 25 சதமாக இருந்ததை 70 சதமாக்கினார்கள். ஆகஸ்டில் பெரும் ஹர்த்தால் மூண்டது. துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. பிரதமர் டட்லி சேனநாயக பதவி துறந்தார். சென்னையில் ரேஷன் போனதற்கு ஜனங்கள் மகிழ்ந்தார்கள். கொழும்பில் ரேஷன் விலை ஏறியதற்குக் கொதித்தார்கள். இரண்டு ஜனங்களும் தங்கள் வயிற்றை அறிந்தே நடந்தார்கள்.

இத்துடன் ராஜாஜிக்கு விடுதலை கொடுத்துவிடலாமா என்றால், நம் மனம் இடங்கொடுக்கவில்லை. கட்டுப்பாடு நீங்கினால் தானியம் வரும் என்ற அவருடைய கணக்கு சரி. வந்த தானியத்தை வாங்கக் காசில்லாத வீட்டுக்கு அக்கணக்கில் விடை இல்லை. அந்நாட்களிலேயே சேலத்துத் தறிகள் ஓய்ந்து நெசவாளர் பட்டினி கிடந்தார்கள். வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டுமென்று அவர் டில்லியுடன் மன்றாடினார். அது அவருக்கு இயல்பான வழி. ஆனால் வேலை வந்து சேரும் வரை அடுப்பு காத்திருக்குமா? புதுப்பாளையத்தில் ராட்டையைக் கையில் கொடுத்தவர், ராட்டை சுற்றவும் சக்தியற்ற கிழவியை மறந்துவிட்டார் என்றே சொல்வோம். 1954-ல் பாதி நேரப் பள்ளித் திட்டத்தால் அவர் விலக நேர்ந்தது. பின் வந்த காமராஜர் 1956-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மத்தியான உணவு போட்டார். கேட்காமலே இலை போட வேண்டியவர்களும் உண்டு என்பதைப் படிக்காத காமராஜர் கண்டுகொண்டார்.

1959-ல் ராஜாஜி சுதந்திரக் கட்சியைத் தொடங்கி, லைசென்ஸ், பர்மிட் ஆட்சியைக் கடுமையாகத் தாக்கினார். விதியின் விளையாட்டைப் பாருங்கள். 1967-ல் அவர் கூட்டுச் சேர்ந்து வெற்றிக்குத் துணை நின்ற அண்ணாதுரையின் சர்க்கார்தான், பதவியேற்ற சில வாரங்களில், சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைத் தொடங்கிற்று. 1972-ல் தமிழ்நாட்டில் நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவாயிற்று. அதே வருஷம் டிசம்பர் 25-ந் தேதி, தொண்ணூற்று நான்கு வயதில், ராஜாஜி காலமானார். 1997-ல் மத்திய சர்க்கார் வறுமைக்கோட்டை வைத்துக் குடும்பங்களைப் பிரித்தபோது, தமிழ்நாடு பிரிக்க மறுத்துக் கார்டை எல்லார்க்கும் பொதுவாக வைத்தது. 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றிக் கிடைத்தது. 2013-ல் பார்லிமெண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் செய்தது. அது 2016 நவம்பரில் இங்கே அமலுக்கு வந்தது.

மாலையிடுவதும் விடுவதும் ஊரார் விருப்பம். 1952-க்காக மறிக்க வேண்டியதில்லை என்பதே நம் தீர்ப்பு.

இனி அன்பரின் தமக்கையார். வெள்ளைக்கல் சுரங்கத்தில் பல வருஷம் கல் பொறுக்கியவர். விரல் ரேகை தேய்ந்துவிட்டது. 2020 முதல் ரேஷன் கடைகளுக்கு வந்த இயந்திரம் அவர் விரலை ஒப்புவதில்லை. மூன்று முறை திரும்பினார். நாலாம் முறை போகவில்லை. எந்தக் கடை என்று எழுத நாம் விரும்பவில்லை. அரிசி இருக்கிறது, கார்டு இருக்கிறது, உரிமையும் இருக்கிறது; இடையில் ஒரு விரல். வீட்டுக்குள் எட்டிப் பார்த்த பழைய இன்ஸ்பெக்டரை ராஜாஜி விரட்டினார். இந்தப் புதிய இன்ஸ்பெக்டருக்குக் கண்ணுமில்லை, காதுமில்லை.

அன்பருக்குத் தனியே பதில் எழுதியிருக்கிறோம். ரேகை ஒப்பாமற் போனதற்காக யாருக்கும் தானியம் மறுக்கலாகாதென்று மத்திய சர்க்கார் 2017 அக்டோபரிலேயே மாகாணங்களுக்குத் தாக்கீது அனுப்பியிருக்கிறது. வர இயலாத முதியவர் தமக்குப் பதிலாக ஒருவரை நியமித்துக்கொள்ள வழியுண்டு. எழுபது வயது கடந்தவர்களுக்கு வீட்டிலேயே பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது, அம்மையாருக்கு எழுபத்தொன்று. எதுவும் பலிக்காவிட்டால், சட்டத்தின் 15-வது பிரிவுப்படி ஜில்லாவில் குறை தீர்க்கும் அதிகாரி ஒருவர் உண்டு; தானியம் கொடுக்கத் தவறினால் அதற்கு ஈடாகப் பணம் தர 8-வது பிரிவு சொல்லுகிறது. அவருக்கு அனுப்ப வேண்டிய மனுவை நாமே தமிழில் எழுதிக் கடிதத்தோடு வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடும் இடத்தில் அம்மையார் விரல் ரேகை வைக்கலாம். மனுவுக்கு அது ஒப்பும்.