கடிதத்தில் வந்த சமையல்

திண்டிவனத்துப் பெண் விழுப்புரத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறாள். புது வீட்டில் அடுப்பு மூட்டியதும் கை நடுங்குகிறது. கேட்கலாமென்றால் அம்மா பக்கத்தில் இல்லை. இப்படித் தவித்த பெண்களுக்குத் துணையாக வந்த புத்தகம் "சமைத்துப் பார்". எழுதியவர் எஸ். மீனாட்சி அம்மாள்.

அம்மையார் 1905-ல் பிறந்தார். இளம் வயதிலேயே கணவரை இழந்தார். மாமியாரையும் சிறு மகனையும் காப்பாற்றும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. கைவசம் இருந்த சொத்து சமையல்தான்!

உறவுப் பெண்கள் கேட்கும்போதெல்லாம் பக்குவத்தைக் காகிதத்தில் எழுதி அனுப்புவார். எத்தனை பேருக்குத்தான் எழுதுவது? புத்தகமாகவே போட்டுவிடலாம் என்று யோசனை சொன்னார் உறவினர் கே. வி. கிருஷ்ணசாமி அய்யர். வீட்டில் அம்மா சொல்லித் தருவதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? ஆனாலும் துணிந்து இறங்கினார்.

1951-ல் முதல் பாகம் வந்தது. கை அளவு, கண் அளவு என்று மழுப்பவில்லை. அரிசி எத்தனை, பருப்பு எத்தனை, எதை முதலில் வறுப்பது என்று, எதிரே உட்கார்ந்து சொல்வதுபோல் எழுதினார். கடிதம் எழுதிப் பழகிய கை அல்லவா?

அடுத்தடுத்த பாகங்களும் வந்தன. கல்யாணச் சீரோடு அந்தப் புத்தகமும் போயிற்று. 1962-ல் அம்மையார் காலமானார். ஆங்கிலத்திலும் வந்துவிட்ட அந்தப் புத்தகம், கடல் கடந்து போகும் பெண்களின் பெட்டியில் இன்றும் ஏறுகிறது.