தொலைபேசியில் கதை சொன்னவர்

ஜியானி ரொடாரி 1920 ஆம் ஆண்டு வட இத்தாலியில், ஏரிக்கரை ஊரான ஒமேஞ்ஞாவில் பிறந்தார். தந்தை பாண் போறணை நடத்தியவர். நியுமோனியா அவரைக் கொண்டுபோனபோது ரொடாரி சிறு பையன். பதினேழு வயதில் ஆசிரியத் தகைமை பெற்று, கிராமத்து ஆரம்பப் பாடசாலைகளில் கற்பித்தார். ஜேர்மனியிலிருந்து தப்பி வந்த யூதக் குடும்பமொன்றின் பிள்ளைகளுக்கு இத்தாலிய மொழி சொல்லிக்கொடுத்ததும் அக்காலத்தில்தான். வகுப்பில் வேடிக்கைக் கதைகள் கட்டிச் சொல்வார். கதை எப்படிப் பிறக்கிறதென்று கொப்பியில் குறித்தும் வைப்பார்.

போரில் நெருங்கிய நண்பர்களை இழந்தார். சகோதரர் ஜேர்மன் முகாமில் அடைபட்டார். 1944 இல் ரொடாரி பாசிச எதிர்ப்பு இயக்கத்தில் இணைந்தார். போரின் பின் பத்திரிகையாளரானார். பிள்ளைகளுக்கான பகுதி அவர் கைக்கு வந்தது. கொடுங்கோலரை எதிர்த்து நிற்கும் வெங்காயப் பையன் சிப்போலீனோவின் கதை 1951 இல் நூலாயிற்று. எழுதியவர் இடதுசாரி என்பதால் சொந்த நாட்டில் பலர் முகஞ்சுளித்தனர். சோவியத் நாட்டிலோ அந்தப் பையன் வீட்டுக்கு வீடு செல்லப்பிள்ளையானான்.

1962 இல் வந்த கதைத் தொகுப்பில், ஊரூராய் அலையும் வியாபாரப் பிரதிநிதி ஒருவர் இரவு ஒன்பது மணிக்கு மகளைத் தொலைபேசியில் அழைத்துக் கதை சொல்வார். அழைப்புக்குக் காசு போவதால் கதைகள் சின்னஞ்சிறியவை. கடல் கடந்து வாழும் எங்களில் பலருக்கு இந்தத் தந்தையைப் புதிதாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

1970 இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன் விருது கிடைத்தது. 1972 மார்ச்சில் ரெஜியோ எமிலியா நகரில் ஆசிரியர்களைக் கூட்டி, கதை புனையும் வழிகளைக் கற்பித்தார். அடுத்த ஆண்டு அது ‘கற்பனையின் இலக்கணம்’ என்ற நூலாயிற்று. வழி எளிது. ஒரு பிள்ளை கரும்பலகையில் ஒரு சொல் எழுதும். அதைப் பாராமல் இன்னொரு பிள்ளை வேறொரு சொல் எழுதும். நாய், அலுமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுமாரிக்குள் நாய், நாயின் அலுமாரி, அலுமாரியோடு நடக்கும் நாய்; வேற்றுமை உருபு மாற மாறப் புதுக்கதை பிறக்கும். எழுத்துப்பிழைகூட அவருக்குக் கதையின் வித்து. கற்பனை சிலருக்கு மட்டும் வாய்த்த வரமல்ல, பிள்ளைகள் எல்லோருக்கும் உரிய சொத்து என்பதே அவர் கொள்கை.

வைத்தியராக நான் அதை நம்புகிறேன். எங்கே நோகிறதென்று கேட்டால் வாய் திறவாத பிள்ளை, பொம்மைக்கு எங்கே நோகிறதென்று கேட்டால் சொல்லிவிடும். இழப்பையும் பயத்தையும் நேராகச் சொல்ல முடியாத பிள்ளைக்கும் கதை ஒரு வாசல்.

காலின் இரத்தக்குழாயில் செய்த சத்திரசிகிச்சையின் பின், 1980 ஏப்ரல் 14 இல், ஐம்பத்தொன்பது வயதில் ரொடாரி ரோமில் காலமானார்.

நூறு வயது காணும் எங்கள் கல்லூரியில் இன்றும் கட்டுரைப் பாடவேளை இருக்கிறது. இரண்டு சொற்கள் எழுத ஒரு துண்டு வெண்கட்டி போதும்.